இரண்டு அறைக்கு நூறு இங்கிலீஷ் வார்த்தைகள்

1

செம்பூருக்குக் குடிவந்து இந்த ஆவணியோடு ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, மேடைக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அந்தக் குழாயைத்தான் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் விழுந்ததும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிறகு, "பக்டி எவ்வளவு குடுத்திய?" என்று கேட்கிறார்கள்.

பம்பாயில் வாடகை வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் மொத்தமாக ஒரு தொகை அழவேண்டும். அதற்குப் பெயர் பக்டி. அதற்கு வழியில்லாமல்தான் நம் ஆட்களில் பாதிப் பேர் தாராவித் தகரத்துக்குக் கீழேயே கிழடாகிறார்கள். இன்னும் கொஞ்சம் பேர் கோவண்டிக்கும், டோம்பிவிலிக்கும் போய்த் தினமும் ரயிலில் தொங்குகிறார்கள்.

நாங்கள் பக்டி கொடுக்கவில்லை. இது ஆலைக்காரர்கள் கொடுத்த வீடு. இதற்காக நாங்கள் கொடுத்தது நூறு இங்கிலீஷ் வார்த்தைகள். எல்லாம் சயின்ஸ் வார்த்தைகள், அர்த்தத்தோடும் உச்சரிப்போடும். இதைச் சொன்னால் வந்தவர்கள் சிரித்துவிட்டுக் காப்பியைக் குடிக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆனால் அந்த வார்த்தைகளை நாங்கள் குழாய்க்காகப் படிக்கவில்லை. வீடு கிடைத்தால்தான் என் மகன் என்னிடம் வருவான். அதற்காகப் படித்தோம்.

2

என் பேர் செண்பகம். வள்ளியூர்ப் பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன், இங்கிலீஷைத் தவிர எல்லாப் பாடமும் தமிழில். அதற்குப் பிறகு அத்தை மகனைக் கட்டிக்கொண்டு தாதரில் வந்து இறங்கினேன். அவர் பெயர் கந்தசாமி. இப்படி எழுதுவதற்கு எனக்குத் தடை ஒன்றும் இல்லை. வாயால்தான் சொல்ல வராது. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பெயரை மட்டும் இல்லை, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற எதையும் சொல்லக் கூடாது. கந்தல் துணி என் வாயில் கிழிசல் துணி. கந்த சஷ்டி எனக்கு வெறும் சஷ்டி.

ஊரில் இதனால் எந்தக் கஷ்டமும் வந்ததில்லை. யார் வீட்டுப் பெண் யாருக்கு வாக்கப்பட்டாள் என்பது தெருநாய்க்குக்கூடத் தெரியும். பம்பாயில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா முதலில் கேட்பதே புருஷன் பெயரைத்தான். ரேஷன் ஆபீசில் நான் வாயடைத்து நிற்க, பின்னால் நின்ற செல்லத்தாயக்கா என் புருஷன் பெயரைச் சொன்னாள். அவள் எங்கள் பக்கத்து அறைக்காரி, நாங்குநேரிக்காரி. அவள் முறை வந்ததும் அவளும் வாயடைத்து நின்றாள். அவள் புருஷன் பெயரை நான் சொன்னேன். யார் யாருக்குப் பெண்டாட்டி என்பது அந்தக் குமாஸ்தாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

தாராவியில் எங்கள் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மக்கள் இரண்டு பேரும் எங்களோடு இருந்தார்கள். அவர்களுக்கு ராத்திரி வேலை, பகலில் தூக்கம். மகன் இசக்கிமுத்து பிறந்து தவழ ஆரம்பித்ததும், தவழ்வதற்கு இடம் அவர்கள் முதுகுதான். அதுகூடப் பரவாயில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும். பக்கத்துப் பட்டறைகளில் தோல் ஊறப்போடுகிற நாற்றம் வெயில்காலத்தில் வரும். இரண்டு வயதுக்குள் பிள்ளைக்கு மூச்சு இளைப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்கூடு உள்வாங்கி உள்வாங்கி இழுக்கும். சயானில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் வைத்திருந்தால் பிள்ளை தேறாது" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

கொண்டுபோய் என் அக்கா பகவதியிடம் விட்டேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் வீட்டுக்காரர் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவர், நல்ல மனுஷர். "கொஞ்ச நாளைக்கித்தான்க்கா" என்றேன். "இருந்துட்டுப் போறான், நீ அழாமப் போ" என்றாள். பிள்ளை அப்போது கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தான். நான் வண்டி ஏறியதை அவன் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவனுக்குத் தீபாவளிச் சட்டை அனுப்புவதே எனக்குப் பெரிய பாடாகிவிட்டது. ரயில் செலவுக்கு வழியில்லாமல் போய்ப் பார்க்கவும் முடியவில்லை, அளவு தெரியாது. செல்லத்தாயக்கா மகனுக்கும் அவனுக்கும் ஒரே வயசு. அந்தப் பையனைப் பிடித்து நிறுத்தி, முதுகோடு துணியை வைத்துப் பார்த்து, இவ்வளவு இருப்பான் என்று மனசுக்குள் வளர்த்துக்கொள்வேன். சட்டை போய்ச் சேர்ந்ததும், சின்னதாய்ப் போயிற்று என்று கார்டு வரும். ஒரு பக்கம் அழுகையாக வரும். இன்னொரு பக்கம், பிள்ளை வளருகிறான், ஊர்க் காற்று ஒத்துக்கொண்டது என்று சந்தோஷமாகவும் இருக்கும்.

3

என் வீட்டுக்காரருக்குச் செம்பூர்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் வேலை. திராவகம் காய்ச்சுகிற பகுதியில் ஹெல்பர். ஹெல்பருக்கு வீடு கிடையாது. ஆப்பரேட்டர் ஆனால் உண்டு. ஆப்பரேட்டர் ஆவதற்கு வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சை வைப்பார்கள். எழுத்துப் பரீட்சை இல்லை, மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து வாய்க்கேள்வி கேட்பது. மீட்டரில் எழுதியிருப்பது இங்கிலீஷ், ஷிப்டு மாறும்போது எழுதிவைக்கிற குறிப்பும் இங்கிலீஷ். அதனால் அந்த வார்த்தைகளும் அர்த்தமும் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அவர் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவர். பழைய ஆப்பரேட்டர்களைப் பிடித்து, என்ன கேட்பார்கள் என்று விசாரித்து, நாக்கில் தங்கிய நாலைந்து வார்த்தைகளோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"எவாப்பரேசன்னு ஒண்ணு. கண்டன்சேசன்னு ஒண்ணு. சவம், வாயில நொழையவே மாட்டேங்கு."

அர்த்தம் கேட்டு வந்ததையும் சொன்னார். தண்ணீர் சூடாகி ஆவியாகப் போவது ஒன்று, ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராவது இன்னொன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. "அத்தான், இது ஆவியாதல். எட்டாங்கிளாசு சயின்ஸ் புஸ்தகத்துல உள்ளதுதான" என்றேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியின் மூடியைத் தூக்கி, அதில் கோத்திருந்த சொட்டுகளைக் காட்டினேன். "இதுதான் ஒங்க கண்டன்சேசன்."

அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பம்பாய்க்கு வந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது எதுவும் இங்கே செல்லாது என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த பிராணவாயு, கரியமிலவாயு, படிகம், கரைசல், பதங்கமாதல் எல்லாம் கல்யாணத்தோடு பெட்டிக்கு அடியில் போய்விட்டன. இப்போது ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பெயர்தான் வேறு, ஆள் எல்லாம் தெரிந்த ஆள்.

மாதுங்காவில் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பார்கள். இங்கிலீஷில் ஒரு பள்ளிக்கூடச் சயின்ஸ் புத்தகம் அங்கே வாங்கினேன். பின்பக்கம் வார்த்தைகளுக்கு அர்த்தம் இருந்தது. உச்சரிப்புக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. நான் அப்பளம் போட்டுக் கொடுக்கிற ஒரு மாதுங்கா வீட்டில் விஜயா என்று காலேஜில் படிக்கிற பெண் இருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே சொல்லிக்கொடுப்பாள்.

"காட்டலிஸ்ட் இல்லே, கேட்டலிஸ்ட். எங்கே, சொல்லுங்கோ."

"கேட்டலிஸ்ட்."

"பேஷ். இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? அப்பளத்துல போடப் போறேளா?"

அவள் கேலி எனக்கு வலிக்கவில்லை. அங்கிருந்து தாராவிவரை, மறந்துவிடக் கூடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடப்பேன். எதிரே வருகிறவர்கள், யாருக்கோ சாபம் விட்டுக்கொண்டு போகிறாள் என்று ஒதுங்கி வழிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து கதவின் உள்பக்கத்தில் சாக்கட்டியால் எழுதுவேன். வார்த்தை, பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அதற்குப் பக்கத்தில் அர்த்தம். முதல் ஷிப்டு முடிந்து அவர் வந்ததும், நான் மாவு பிசைந்துகொண்டே கேட்பேன். ரேஷனில் அரிசிக்குத் தட்டுப்பாடாகி, பாதி நாள் கோதுமைதான். அவர் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சொல்வார். உச்சரிப்பில் எங்களுக்கு ஓயாத சண்டை.

"மாதுங்காப் புள்ள சொல்லுத மாதிரி சொன்னா எங்க ஃபோர்மனுக்கு வெளங்காது. அவன் 'டெம்ப்ரேச்சர்'ம்பான். எனக்கு அதுதான் வேணும்."

"புஸ்தகத்துல அப்பிடி இல்ல."

"பரீட்சைய புஸ்தகமா வைக்கிது?"

கேட்டலிஸ்டுக்கு அர்த்தம் கிரியா ஊக்கி. தான் மாறாமல் பக்கத்தில் இருந்தே மற்றதை மாற்றுவது. அதைச் சொன்னபோது, "அப்ப அது ஓன் அக்கா மாதிரி" என்றார். அவள் கையில் வளர்கிற பிள்ளையை நினைத்துத்தான் சொன்னார்.

சல்ஃபர் என்ற வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அதற்குத் தமிழ் கந்தகம். அந்த ஆலையே அதை எரித்துத்தான் நடக்கிறது. ஹிந்தியில் கேட்டேன், அதுவும் கந்தக்காம். இரண்டும் என் வாய்க்கு ஆகாது. இங்கிலீஷ்காரன் புண்ணியத்தில் சல்ஃபர் என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அர்த்தம் சொல்ல முடியாது. கதவில் அர்த்தம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

"சல்ஃபர்? அர்த்தம் என்ன?" என்று அவர் வேண்டுமென்றே என்னைக் கேட்டார்.

"ஒங்க பேரு" என்றேன்.

அறை அதிரச் சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா மகன் புரண்டு படுத்தான். அன்றிலிருந்து அது எங்களுக்கு ஒரு விளையாட்டு. பாடம் அலுத்துப்போய் அவர் கண் சொருகும்போது, "சல்ஃபர்?" என்பேன். "என் பேரு!" என்று உடனே நிமிர்ந்துவிடுவார். பிள்ளை ஊருக்குப் போன பிறகு அந்த அறையில் நாங்கள் சிரித்தது அதற்குத்தான்.

4

பரீட்சை அன்று நெற்றியில் திருநீறு பூசி, செல்லத்தாயக்கா வீட்டுக்காரரின் பூட்ஸை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். பிற்பகல் திரும்பி வந்தவர், பூட்ஸைக் கழற்றாமலேயே பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"என்னாச்சு அத்தான்?"

"மொதக் கேள்வியே அதுதான் கேட்டான்."

"எது?"

"வாட் இஸ் சல்ஃபர்னான். வாய் தானா, 'மேரா நாம், சாப்'னு சொல்லிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க மாட்டேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மூன்று அதிகாரிகளும் சிரித்திருக்கிறார்கள். ஒருவர், "உன் பெயர் சல்ஃபரா? உன் தம்பி பெயர் பாஸ்பரஸா?" என்று ஹிந்தியில் கேட்டாராம். ஊரில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள், அதனால் இப்படி ஆயிற்று என்று அந்த வடக்கத்திக்காரர்களுக்கு எந்தப் பாஷையில் எப்படி விளக்குவது? இவர் விளக்கப் பார்த்து, பாதியில் திக்கி நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டது எதுவும் காதில் விழவில்லை. பிரஷர், டெம்ப்ரேச்சர், வால்வு என்று கையால் தொட்டுப் பழகிய சாமான்கள்கூட வாய்க்கு வரவில்லை. அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டார்கள்.

"போவுது, ஒரு காக்கா கொத்துனா சோளக்கொல்லையா கொறஞ்சிரும்" என்றார் சமாதானமாக. அடுத்த வருஷம் என்றால், இன்னும் ஒரு தீபாவளிக்குச் செல்லத்தாயக்கா மகன் முதுகில் துணி வைத்துப் பார்க்க வேண்டும். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அவர் எழுந்து போய்ப் பூட்ஸைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

5

அந்த வருஷம் எப்படியோ போயிற்று. பாகிஸ்தான் சண்டை வந்து, ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். எங்கள் அறையில் ஜன்னலே இல்லாததால் நாங்கள் செலவில்லாமல் தப்பினோம்.

அப்போதுதான் செல்லத்தாயக்காவின் தம்பி ஊருக்குப் போய்விட்டுக் கருப்பட்டியோடு திரும்பினான். வள்ளியூர்ச் சந்தையில் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்து, வீட்டுக்கும் போய்ச் சாப்பிட்டானாம். நான் அவனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூச்சு இளைப்பு இருக்கிறதா, சோறு நன்றாகத் தின்கிறானா, என்ன உயரம் இருக்கிறான்.

"நல்லா இருக்கான்க்கா. இளைப்பெல்லாம் ஒண்ணுங் கெடையாது. ஒங்க அக்காள விட்டு ஒரு நிமிசம் வெலக மாட்டேங்கான். அம்மா அம்மான்னு முந்தானயப் புடிச்சிட்டே திரியுதான்."

"யார?"

"ஒங்க அக்காளத்தான்."

"அப்ப என்னய?"

அவன் கருப்பட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "ஒங்க பேச்சு வந்தா, பம்பாய் சித்திங்கான்."

அக்கா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பிள்ளை தினமும் யார் மடியில் ஏறுகிறதோ அவளைத்தான் அம்மா என்று கூப்பிடும். அம்மாவின் தங்கை சித்தி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கில் எனக்கு இடம் இல்லாமல் போனதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும், கதவை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எல்லா வார்த்தைகளையும் முதலிலிருந்து எழுதினேன். அந்தப் பரீட்சைக்குப் பிறகு நாங்கள் அந்த வார்த்தைகள் பக்கம் போகவே இல்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சல்ஃபருக்கு நேரே கோடு போடவில்லை.

"அத்தான், கேளுங்க. சல்ஃபர்னா கந்தகம்."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். யாரோ வாசலில் நின்று கூப்பிட்டது போல இருந்தது அவர் முகம்.

"என்னட்டி சொன்ன?"

"கந்தகம். சல்ஃப்யூரிக் ஆசிட்னா கந்தகத் திராவகம். சல்ஃபர் டை ஆக்சைடுன்னா கந்தகத்த எரிச்சா வருத வாயு. சொல்லுங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மி அரைத்துக்கொண்டிருந்த செல்லத்தாயக்காவின் கை ஓய்ந்துவிட்டது தெரிந்தது. "ஏட்டி செம்பகம், என்னட்டி வாயில வருது!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"ஆயுசு கொறையட்டும்க்கா. எம் புள்ள வரட்டும்" என்றேன். சொன்ன பிறகு நானே பயந்து, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "கந்தகம்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "அடுத்ததக் கேளு" என்றார்.

அந்தத் தடவை விளையாட்டே கிடையாது. அவர் உச்சரிப்பையே நானும் எடுத்துக்கொண்டேன். சட்டி, மூடி, உப்புத் தண்ணீர், வடிகட்டுகிற துணி என்று அடுக்களைச் சாமானையெல்லாம் வைத்துக்கொண்டு படித்தோம். பரீட்சையில் பாஸ் ஆனார். வீடு ஒதுக்குவதற்கு அதற்கு மேலும் ஒரு வருஷத்துக்கு இழுத்தார்கள். இந்த ஆபீசில் கையெழுத்து, அந்த ஆபீசில் முத்திரை. இப்போது ஒவ்வொரு ஜன்னலிலும் புருஷன் பெயரை நானே சொன்னேன். இதற்கிடையில், மதராசிகளெல்லாம் மூட்டை கட்டட்டும் என்று மராத்திக்காரர்கள் சிலர் தெருவுக்குத் தெரு கூட்டம் போட ஆரம்பித்தார்கள். சித்தப்பா மக்கள் பயந்து, ஊருக்கே போய்விடலாமா என்றார்கள். பிள்ளையை இங்கே கொண்டுவரத்தான் இவ்வளவு பாடு, இப்போது நான் எங்கே போவது என்று கேட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

6

சாவி கைக்கு வந்த வாரமே ஊருக்கு ரயில் ஏறினேன். எத்தனையோ வருஷமாகக் கண்ணை மூடினால் தெரிகிற பிள்ளைக்கு இரண்டு வயது. அங்கே வாசலில் நின்றவனுக்கு முன்பல் விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி, "அம்மா, சித்தி வந்துருக்கா!" என்றான். அந்தச் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை. சித்தி வந்தால் பிள்ளைகள் இப்படித்தான் சந்தோஷப்படும்.

அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு அடுக்களையில் போய் நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றாள்.

"அக்கா, ஒனக்கு மனசில்லன்னா..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் என்ன சொல்லப்போனேன் என்று எனக்கே தெரியாது.

"ஓன் புள்ள. நீ பெத்த புள்ள. எனக்கு என்னட்டி மனசு வேண்டிக் கெடக்கு? கூட்டிட்டுப் போ" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. அவன் துணிகளை மடித்துவைத்தாள். நான் அனுப்பிய தீபாவளிச் சட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. எதுவும் பழசாகவில்லை.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. "சித்தி கூடப் போயி பம்பாய் பாத்துட்டு வா ராசா. கடல் இருக்கும், ரெண்டு தட்டு பஸ்ஸு இருக்கும்" என்று அக்காதான் சொன்னாள். அவன் குதித்துக்கொண்டு கிளம்பினான். ரயில் நகர்ந்தபோது, "சீக்கிரம் வந்துருவேன்மா, அழாத" என்று அவளுக்குக் கையாட்டினான். நான் எதிர்ப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. மூச்சு இளைப்பு திரும்பவில்லை. காலனிப் பையன்களோடு ஹிந்தியில் சண்டை போடுகிறான். மராத்தியில் வசவுகூடத் தெரியும். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். தமிழ் எழுத்து மட்டும் மெல்ல மெல்லக் கையை விட்டுப் போகிறது. அக்காவுக்கு எழுதச் சொன்னால், நான் சொல்லச் சொல்ல நாலு வரி எழுதுவதற்குள் பென்சிலைக் கடித்துத் துப்பிவிடுகிறான். அவனே சொந்தமாகக் கேட்டு எழுதுகிற வரி ஒன்று உண்டு. 'நான் எப்போது வரட்டும்?'

பெற்றது நான்தான் என்று வந்த மாதத்திலேயே சொன்னோம். தலையாட்டினான். ஆனாலும் என்னைச் சித்தி என்றும் அவரைச் சித்தப்பா என்றும்தான் கூப்பிடுகிறான். அவர் ஆரம்பத்தில் திருத்தினார். ஒரு நாள் அவன் கட்டாயத்துக்கு என்னை அம்மா என்று கூப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு, விட்டுவிடுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தரையில் குப்புறப் படுத்து, தண்ணீரைப் பற்றிய பாடம் படித்துக்கொண்டிருந்தான். மறுநாள் டீச்சர் வார்த்தை கேட்பாளாம். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எவாப்பரேஷன்" என்று எழுத்துக் கூட்டினான்.

"ஆவியாதல். தண்ணி சூடாகி ஆவியாப் போறது."

தலையைத் தூக்கினான். "கண்டன்சேஷன்?"

"அது திரும்பவும் தண்ணியாகிறது."

எழுந்து உட்கார்ந்துவிட்டான். பாடத்தில் இருந்த வார்த்தை, பாடத்தில் இல்லாத வார்த்தை எல்லாம் புரட்டிப் புரட்டிக் கேட்டான். ஃபில்டர், சொல்யூஷன், கிரிஸ்டல், ஆக்சிஜன். ஒன்றுக்கும் நான் தடுமாறவில்லை. "டீச்சருக்குக்கூட இவ்வளவு டக்குனு வராது சித்தி!" என்றான். வந்த நாளிலிருந்து அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்தேன்.

"நீ வேலைக்கே போகல. எதுக்கு இதெல்லாம் படிச்ச?"

அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கதவில் எழுதியது, 'மேரா நாம், சாப்' என்று அவன் அப்பா சொன்னது, ஒரு வருஷம் வீணாய்ப் போனது, மறுபடியும் படித்தது, இந்த வீடு. அந்த மேரா நாமுக்கு அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்து, "எல்லாம் எதுக்கு? ஒன்ன இங்ஙன கூட்டிட்டு வாரதுக்குத்தான்" என்றேன்.

அவன் யோசித்தான். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. தப்பாகப் போட்ட கணக்கை ஒருவருக்குச் சுட்டிக்காட்டுவது போலச் சொன்னான்.

"நான் அங்ஙன நல்லாத்தான இருந்தேன், சித்தி."

நூறு வார்த்தை படித்த நான் முறத்தை எடுத்து மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தேன். அவன் மறுபடியும் குப்புறப் படுத்து, பக்கத்தைத் திருப்பினான்.

"சரி, வேப்பர்னா என்ன?"

நீராவி என்று சொன்னேன்.